கையருகிலிருந்தும் எட்டாத மொடெம்: வீட்டுத் தீச்சுவருக்கு அப்பாலுள்ள நிர்வாகப் பக்கத்தை அடைதல்

வீடுகளுக்கு இணையத் தொடர்பை வழங்கும் கருவிகளுள் மொடெம் முதன்மையானது. கம்பி வழியே வரும் குறிகைகளைக் கணினி ஏற்கும் வடிவிற்கும், கணினியிலிருந்து செல்வனவற்றைக் கம்பி ஏற்கும் வடிவிற்கும் மாற்றித் தருவதே அதன் தொழில். பண்பேற்றம், பண்பிறக்கம் என்னும் இரு செயல்களுக்குரிய ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி இணைத்தமையால் இப்பெயர் அமைந்தது. இன்றைய மொடெம்கள் பெரும்பாலும் தம்முள்ளே ஒரு சிறு வலைச் சேவையகத்தையும் கொண்டுள்ளன. உலாவியில் மொடெமின் முகவரியை இட்டால், அதன் நிலையைக் காட்டுவதும் அதன் அமைப்புகளை மாற்ற இடந்தருவதுமான ஒரு பக்கம் தோன்றும். இதுவே நிர்வாகப் பக்கம் எனப்படும்.

மொடெமுக்கும் வீட்டுக் கணினிகளுக்கும் இடையே தனியானதொரு தீச்சுவரை அமைத்துக்கொண்டோர் பலர் ஒரு விந்தையான நிலையை எதிர்கொள்கின்றனர். இணையம் தடையின்றி இயங்குகின்றது. உலகின் மறுகோடியிலுள்ள சேவையகமும் கணப்பொழுதில் விடை தருகின்றது. ஆயின் ஒரு முழக் கம்பியால் இணைக்கப்பட்டு மேசைமேலிருக்கும் மொடெம் மட்டும் விடை தருவதில்லை. தீச்சுவரே இதனைத் தடுக்கின்றது எனக் கருதி அதன் காவலைத் தளர்த்துவோரும் உளர். அவ்வாறு தளர்த்திய பின்னரும் பக்கம் தோன்றுவதில்லை, வீடுதான் காவலிழக்கின்றது. இங்குள்ள குறை பெரும்பாலும் தடையன்று, வழியின்மையே என்பதைக் காட்டுவதும், அவ்வழியைக் காவலுக்கு ஊறு நேராவண்ணம் அமைக்கும் முறையை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிர்வாகப் பக்கத்தின் பயன்

இப்பக்கத்தை அடைவதனால் விளையும் பயன் யாது என்பதை முதற்கண் நோக்குவோம். சாதாரண தொலைபேசிக் கம்பியில் மனிதர் பேச்சு ஏறத்தாழ 4 கிலோஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களையே பயன்படுத்துகின்றது. ஏ.டி.எஸ்.எல். எனப்படும் முறை அதே கம்பியில் ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸ் முதல் 1104 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தரவுக்காகப் பயன்படுத்துகின்றது. இப்பகுதி 4.3125 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி கொண்ட சிறு கூறுகளாக வகுக்கப்படும். ஒவ்வொரு கூற்றிலும் இரைச்சல் எவ்வளவு என்பதை மொடெம் அளந்து, அதில் எத்துணைத் தரவை ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. கம்பியின் வழியே குறிகை எவ்வளவு நலிவடைகின்றது, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு மிச்சம் உள்ளது, எத்தனை வழுக்கள் நேர்ந்தன, தொடர்பு எத்தனை முறை அறுந்தது என்பனவெல்லாம் நிர்வாகப் பக்கத்தில் எண்களாகக் காணப்படும்.

தொடர்பு அடிக்கடி அறுந்து போகும் வீடொன்றை எடுத்துக்கொள்வோம். பயனர் முறையிடும்போது, கம்பியில் பழுதில்லை, வீட்டுக் கருவிகளிலேயே பழுது உள்ளது எனச் சேவை வழங்குநர் கூறக்கூடும். வேகத்தை அளந்து காட்டும் தளங்கள் கணினியிலிருந்து தொலைவிலுள்ள சேவையகம் வரையான முழுப் பாதையையும் சேர்த்தே அளப்பதால், பழுது எவ்விடத்தது என்பதை அவை பிரித்துக் காட்டமாட்டா. மொடெமின் எண்களோ கம்பியைப் பற்றி மட்டுமே பேசுவன. இரைச்சலுக்கு மேலான மிச்சம் 6 டெசிபெல் அளவில் இருக்குமாறு பல தொடர்புகள் அமைக்கப்படுகின்றன. மழை பெய்யும்போதெல்லாம் அது ஒன்று இரண்டாகக் குறைந்து, வழுக்களின் எண்ணிக்கை பெருகுமாயின், கம்பியின் இணைப்பொன்றில் ஈரம் புகுகின்றது என ஐயுறுவதற்குத் தக்க காரணம் உண்டு. இவ்வெண்களை நாளும் நேரமும் குறித்து எழுதி வைத்திருப்பவரின் முறைப்பாட்டை எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. பயனரின் பக்கம் நின்று சாட்சி சொல்லக்கூடிய கருவி மொடெம் ஒன்றே. அச்சாட்சியை அணுகமுடியாதிருத்தல் சிறு குறையன்று.

2. பாலமாக இயங்கும் மொடெம்

மொடெம்கள் இரு வகையாக இயங்க வல்லன. வழிப்படுத்தியாகவும் தானே இயங்கி, வீட்டின் எல்லாக் கணினிகளுக்கும் முகவரி வழங்கி, இணையத்துடன் தொடர்பை ஏற்படுத்துவது ஒரு வகை. இந்நிலையில் நிர்வாகப் பக்கம் எளிதில் கிட்டும். மற்றொன்று பாலமாக இயங்குதல். இந்நிலையில் மொடெம் கம்பிக் குறிகையை ஈதர்நெற் சட்டகங்களாக மாற்றுவதோடு நின்றுவிடுகின்றது. கடவுச்சொல்லைக் கொடுத்துத் தொடர்பைத் தொடங்குவதும், பொது முகவரியைப் பெறுவதும், வீட்டைக் காப்பதும் அதன் பின்னால் நிற்கும் தீச்சுவரின் பொறுப்பாகிவிடும். நமது பிரச்சினை எழுவது இவ்விரண்டாம் வகையிலேயாகும்.

விளக்கத்தின் பொருட்டு ஓர் அமைப்பைக் கற்பித்துக்கொள்வோம். மொடெமின் முகவரி 192.168.1.1 என்க. வீட்டு வலையமைப்பு 192.168.5.0 முதல் 192.168.5.255 வரையான எல்லையுள் அமைந்தது. தீச்சுவரின் உட்பக்க முகவரி 192.168.5.1, கணினியொன்றின் முகவரி 192.168.5.20. இக்கணினியின் உலாவியில் 192.168.1.1 என இடுகின்றோம். பக்கம் தோன்றுவதில்லை. பொதி எங்கே சென்றது?

3. தனிமுகவரிகளும் முத்திரையிட்ட பையும்

192.168 எனத் தொடங்கும் முகவரிகள் தனிமுகவரிகள் எனப்படும். 1996 பெப்ரவரியில் வெளியான ஆர்.எவ்.சி. 1918 என்னும் ஆவணம் மூன்று தொகுதி முகவரிகளை இவ்வாறு ஒதுக்கியது. 10 எனத் தொடங்கும் 16,777,216 முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையான 1,048,576 முகவரிகளும், 192.168 எனத் தொடங்கும் 65,536 முகவரிகளும் அவையாகும். இவற்றை எவரும் தம் எல்லைக்குள் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் இவற்றுக்கு வழி இல்லை. எனவே 192.168.1.1 என்பது உலகில் ஒரே ஒரு கருவியைக் குறிப்பதன்று. எண்ணற்ற வீடுகளில் அதே முகவரியுடைய கருவிகள் உள்ளன. எக்கருவியைக் குறிக்கின்றோம் என்பது பொதி எவ்வழியாகச் செல்கின்றது என்பதைப் பொறுத்ததாகும்.

கணினி தன் வலையமைப்பில் இல்லாத முகவரிகளுக்குரிய பொதிகள் அனைத்தையும் தீச்சுவரிடம் ஒப்படைக்கின்றது. தீச்சுவர் தன் வழி அட்டவணையைப் பார்க்கின்றது. அதில் உள்ள வழிகள் பொதுவாக இரண்டே: வீட்டு வலையமைப்புக்கு உரியது ஒன்று, ஏனைய அனைத்தும் இணையத்துக்கே எனக் கூறும் பொதுவழி மற்றொன்று. 192.168.1.1 முதல் வழிக்குப் பொருந்தாமையால் பொதுவழியே தெரிவு செய்யப்படுகின்றது. அப்பொதுவழி, ஏ.டி.எஸ்.எல். தொடர்புகள் பலவற்றில், பி.பி.பி.ஓ.ஈ. என்னும் நெறிமுறையால் அமைந்தது. 1999 பெப்ரவரியில் ஆர்.எவ்.சி. 2516 என வெளியான இந்நெறிமுறையின்படி, தீச்சுவர் அனுப்பும் ஒவ்வொரு பொதியும் ஒரு மேலுறையுள் இடப்பட்டுச் சேவை வழங்குநரின் கருவிக்கே விலாசமிடப்படுகின்றது. ஈதர்நெற் சட்டகம் ஏற்கும் 1500 பைற்றுக்களில் 8 பைற்றுக்களை இம்மேலுறை எடுத்துக்கொள்வதாலேயே, இத்தகைய தொடர்புகளில் பொதியின் மிகப் பெரிய அளவு 1492 பைற்றுக்கள் எனக் குறிக்கப்படுகின்றது.

இதனைத் தபாற் சேவையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். கிராமத்துத் தபாற் கந்தோரிலிருந்து நகரத்துக்கு முத்திரையிட்ட பையொன்றை ஒருவர் நாள்தோறும் சுமந்து செல்கின்றார். பையைத் திறக்க அவருக்கு உரிமையில்லை. அவருக்கே எழுதிய கடிதத்தை அப்பையுள் இட்டால் யாது நிகழும்? கடிதம் அவர் தோள்மீது ஏறி நகரம் வரை செல்லும். அவர் கண்ணில் மட்டும் படாது. பாலமாக இயங்கும் மொடெமின் நிலையும் இத்தகையதே. அதற்கெனவே எழுதப்பட்ட பொதி மேலுறையுள் மூடப்பட்டு அதன் ஊடாகவே கடந்து, சேவை வழங்குநரின் எல்லையில் வழியற்ற முகவரியாதலால் கைவிடப்படுகின்றது. தீச்சுவர் எதனையும் தடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அது பொதியை அனுப்பியது, அவ்வழி தவறானது.

4. செய்ய வேண்டுவன

பைக்கு வெளியே, சுமப்பவர் கையிலேயே கடிதத்தைக் கொடுக்கும் வழியொன்று வேண்டும். அதற்கு வேண்டுவன மூன்று.

முதலாவது, முகவரி. தீச்சுவரையும் மொடெமையும் இணைக்கும் ஈதர்நெற் இடைமுகம், மேலுறையிட்ட சட்டகங்களைச் சுமக்க மட்டுமே பயன்படுவதால், தனக்கென ஐ.பி. முகவரி ஏதும் இல்லாதிருக்கின்றது. அவ்விடைமுகத்துக்கு மொடெமின் வலையமைப்பைச் சேர்ந்த, வேறெவரும் பயன்படுத்தாத ஒரு நிலையான முகவரியை வழங்கவேண்டும். நமது எடுத்துக்காட்டில் 192.168.1.2 என்பதையும் 255.255.255.0 என்னும் மறைப்பையும் கொடுக்கலாம். கொடுத்தவுடன், 192.168.1 எனத் தொடங்குவன இவ்விடைமுகத்தில் நேரே உள்ளன என்னும் புதிய வழி அட்டவணையில் தானாகவே சேர்கின்றது. குறிப்பான வழி பொதுவழியை விஞ்சும் என்பது வழிப்படுத்தலின் அடிப்படை விதி. ஆகவே மொடெமுக்குரிய பொதிகள் இனி மேலுறையுள் இடப்படமாட்டா. இணையத் தொடர்பு முன்போலவே மேலுறை வழியே இயங்கும். ஒரே கம்பியில் இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமற் செல்லும். இவ்விடைமுகத்துக்கு நுழைவாயில் முகவரி எதனையும் கொடுத்தலாகாது. கொடுத்தால் பொதுவழி மொடெமை நோக்கித் திரும்பி இணையத் தொடர்பே அற்றுப்போகக்கூடும்.

இரண்டாவது, அனுமதி. தீச்சுவரின் விதிகள் இடைமுகங்களின் பெயரால் எழுதப்படுவன. வீட்டிலிருந்து பி.பி.பி.ஓ.ஈ. இடைமுகத்துக்குச் செல்லலாம் என்னும் விதி, அதனைச் சுமக்கும் ஈதர்நெற் இடைமுகத்துக்குப் பொருந்துவதன்று. கம்பி ஒன்றேயாயினும், தீச்சுவரின் கண்ணுக்கு அவை இரு வேறு வாயில்கள். எனவே வீட்டிலிருந்து புதிய வாயிலின் வழியே மொடெமுக்குச் செல்ல ஒரு விதி வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. பலர் மறந்துவிடுவது இதனையே. கணினியின் பொதி மொடெமை அடைந்ததும், விடையை 192.168.5.20 என்னும் முகவரிக்கு அனுப்ப மொடெம் முற்படுகின்றது. அம்முகவரி மொடெமின் வலையமைப்பில் இல்லை. பாலமாக இயங்கும் மொடெமுக்குப் பொதுவாக வேறு வழியும் தெரியாது. எனவே விடை மொடெமிலேயே மடிந்துவிடும். கேள்வி சென்றது, விடை வரவில்லை, பயனரின் பார்வைக்கோ முன்பிருந்த நிலையே தொடர்கின்றது. இதற்குரிய தீர்வு, பொதி தீச்சுவரை விட்டு நீங்கும்போது அனுப்புநர் முகவரியைத் தீச்சுவரின் சொந்த முகவரியாகிய 192.168.1.2 என மாற்றுவதாகும். 1994 மே மாதம் ஆர்.எவ்.சி. 1631 என்னும் ஆவணத்தால் விளக்கப்பட்ட முகவரி மாற்றீடு இதுவே. இணையத்துக்குச் செல்லும் பொதிகளுக்குத் தீச்சுவர் இதனை ஏற்கெனவே செய்து வருகின்றது. ஆயின் அதுவும் பி.பி.பி.ஓ.ஈ. இடைமுகத்துக்கு மட்டுமே. புதிய வாயிலுக்கும் அதனை விதித்தல் வேண்டும். மாற்றீட்டுக்குப் பின் மொடெமின் பார்வையில் கேட்பவர் தன் அயலவரே. விடை நேரே தீச்சுவருக்கு வரும். தீச்சுவர் தன் குறிப்பேட்டைப் பார்த்துக் கணினியிடம் சேர்க்கும். மொடெமிலேயே திரும்பும் வழியை எழுதிவைத்தலும் சில கருவிகளில் இயலும். ஆயினும் மொடெம் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கப்படும்போது அது அழிந்துவிடுமாதலின், தீச்சுவரில் அமைப்பதே உறுதியானது.

2004ஆம் ஆண்டு தொடங்கிய ஓப்பன்-டபிள்யூ.ஆர்.ரி. என்னும் லினக்ஸ் சார்ந்த அமைப்பில், வெளிப்புறக் கருவியின்மேல் நிலையான முகவரியுடைய மேலுமொரு இடைமுகத்தை உருவாக்கி அதனை வெளிப்புற வலயத்தில் சேர்த்தால், இயல்பான அமைப்பில் அனுமதியும் மாற்றீடும் உடன் கிட்டும். பி.எவ். சென்ஸ் அமைப்பில், பி.பி.பி.ஓ.ஈ. தொடர்பைச் சுமக்கும் ஈதர்நெற் அட்டையைத் தனி இடைமுகமாகச் சேர்த்து முகவரி கொடுத்து, வெளிச்செல்லும் மாற்றீட்டு விதியொன்றை எழுதுதல் வேண்டும். பெயர்களும் திரைகளும் வேறுபடினும் முகவரி, அனுமதி, மீள்வழி என்னும் மூன்றும் எங்கும் பொதுவானவை.

5. இரு சிறப்பு நிலைகள்

வீட்டு வலையமைப்பும் 192.168.1 எனவே தொடங்குமாயின் மேற்கூறிய முறை பயன்படாது. மொடெம் தன் வீட்டினுள்ளேயே இருப்பதாகக் கருதும் கணினி, பொதியைத் தீச்சுவரிடம் கொடுப்பதேயில்லை. அம்முகவரி யாருடையது எனத் தன் அயலில் வினவுகின்றது. 1982 நவம்பரில் ஆர்.எவ்.சி. 826 ஆக வெளியான ஏ.ஆர்.பி. நெறிமுறையின்படி நிகழும் இவ்வினா தீச்சுவரைத் தாண்டிச் செல்வதன்று. எனவே மொடெம் அதனைக் கேட்பதுமில்லை. வீட்டு வலையமைப்பையோ மொடெமின் முகவரியையோ மாற்றுதலே இதற்கு வழி. புதிதாக அமைப்போர் தொடக்கத்திலேயே வேறுபட்ட எண்ணைத் தெரிந்துகொள்வது நலம்.

கேபிள் மொடெம்களின் நிலை இதனின் வேறானது. அவை பெரும்பாலும் 192.168.100.1 என்னும் முகவரியில் நிர்வாகப் பக்கத்தை வைத்துள்ளன. அங்கே பி.பி.பி.ஓ.ஈ. மேலுறை பொதுவாக இல்லை. பொதுவழியில் திறந்தபடி செல்லும் பொதியைத் தன்னுடையதெனக் கண்டு பல மொடெம்கள் இடையிலேயே எடுத்து விடை தருகின்றன. அதனாற் கேபிள் பயனர் பலருக்கு இப்பிரச்சினை எழுவதேயில்லை.

6. சோதிக்கும் ஒழுங்கு

பக்கம் கிட்டாதபோது கண்டபடி விதிகளை மாற்றாது, மொடெமிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும். முதலில் மடிக்கணினி ஒன்றை மொடெமுடன் நேரே இணைத்து, 192.168.1.2 என்னும் முகவரியைக் கொடுத்துப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கும் கிட்டாதாயின் மொடெமின் முகவரி வேறாயிருக்கலாம். அன்றிப் பால நிலையில் அப்பக்கம் முடக்கப்பட்டிருக்கலாம். நேரே கிட்டுமாயின், இணைப்பைப் பழையபடி அமைத்துத் தீச்சுவரிலிருந்தே மொடெமுக்குப் பிங் கட்டளையை அனுப்பவேண்டும். விடை வராவிடின் குறை பெரும்பாலும் முகவரியில் உள்ளது. அங்கு விடை வந்து கணினிக்கு மட்டும் வராவிடின், குறை அனுமதியிலோ மீள்வழியிலோ உள்ளது. மொடெமை நோக்கிய இடைமுகத்தில் பொதிகளைக் கண்காணித்தால் இவ்விரண்டும் வேறுபடும். பொதி வெளியேறவில்லையெனின் அனுமதி இல்லை, 192.168.5.20 என்னும் அனுப்புநர் முகவரியுடனேயே வெளியேறுகின்றதெனின் மாற்றீடு இல்லை. பிங் விடை வந்தும் பக்கம் மட்டும் தோன்றாவிடின் உலாவியை நோக்கவேண்டும். பழைய மொடெம்கள் மறைகுறியாக்கம் அற்ற பக்கங்களையே தருவன. இன்றைய உலாவிகளோ மறைகுறியாக்கத்தையே முதலில் நாடுவன.

7. காவல் பற்றிய எச்சரிக்கை

வழி அமைத்தபின் அது யாருக்கு உரியது என்னும் வினா எஞ்சுகின்றது. மொடெமின் உட்பக்கம் வெளியுலகுக்கு எட்டாதாதலின் அதனைக் காக்கவேண்டியதில்லை என்று எண்ணுதல் தவறு. 2020 சனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட கேபிள் ஹோண்ட் என்னும் குறைபாடு இதற்குச் சான்று. புரோட்கொம் நிறுவனச் சில்லுகளைக் கொண்ட கேபிள் மொடெம்கள் பலவற்றில், குறிகை நிறமாலையை ஆராயும் உட்கூறொன்று பழுதுடையதாயிருந்தது. தீயதொரு பக்கத்தைப் பயனர் தம் உலாவியில் திறப்பாராயின், அவ்வுலாவியையே கருவியாகக் கொண்டு மொடெமைக் கைப்பற்ற இயலும் என அவர்கள் காட்டினர். தாக்குதல் வெளிவாயிலால் வருவதன்று. வீட்டினுள்ளிருக்கும் உலாவியின் வழியே வருவது.

வெளிப்பக்க நிர்வாக வாயிலின் இடரை 2016 நவம்பர் நிகழ்ச்சி உணர்த்தியது. தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கெனத் திறந்திருந்த 7547ஆம் துறையை நாடி மிராய் என்னும் தீநிரலின் திரிபொன்று பரவமுயன்றபோது, ஜேர்மனியில் டொய்ச்சே ரெலிகொம் வாடிக்கையாளரில் ஏறத்தாழ 900,000 பேரின் தொடர்பு பாதிக்கப்பட்டது.

ஆகவே அமைக்கும் வழி குறுகியதாக இருத்தல் வேண்டும். வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் அன்றி, நிர்வகிப்பவரின் கணினி ஒன்றற்கே அனுமதி வழங்கவேண்டும். அவ்வனுமதியும் மொடெமின் ஒரே முகவரிக்கும், வலைப்பக்கத்துக்குரிய 80, 443 என்னும் துறைகளுக்கும் மட்டுப்படவேண்டும். மொடெமின் பக்கத்திலிருந்து வீட்டினுள் புதிய தொடர்பு எதனையும் தொடங்க விடலாகாது. கேட்ட வினாவுக்குரிய விடை மட்டுமே உள்ளே வரல் வேண்டும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதலும், நிர்வாகப் பக்கத்தை வெளியுலகுக்குத் திறவாதிருத்தலும் இவற்றோடு சேரும். பயன்படுத்தாத வேளையில் அனுமதி விதியை முடக்கிவைத்தல் இன்னும் நன்று.

8. முடிவுரை

ஒரு பொதி சென்று சேராமைக்கு இரு காரணங்கள் உண்டு. வாயில் அடைக்கப்பட்டிருத்தல் ஒன்று. வாயிலுக்குச் செல்லும் பாதையே இல்லாதிருத்தல் மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. தீர்வில் முற்றிலும் வேறானவை. பாதையில்லாதவிடத்துக் காவலை நீக்குதல் பயன் தராது; இடரையே தரும். முகவரி, அனுமதி, மீள்வழி என்னும் மூன்றையும் ஒழுங்காக நோக்குபவர், தீச்சுவரின் காவலைத் தளர்த்தாமலேயே மொடெமை அடைவர். கம்பியின் நிலைமை பற்றிய எண்களும் அவர் கைக்கு வரும். சேவை வழங்குநரிடம் முறையிடச் செல்லும்போது, ஊகத்தோடு அன்றி அளவீட்டோடு அவர் பேசலாம்.